உருப்படி முப்பத்தொன்று

சாவி ஆறு மணி வரைக்கும்தான்.
அதற்குள் அத்தை தென்காசியிலிருந்து ரயிலில் வந்துவிடுவாள்.
"படம் தெளிவா இருந்தாப் போதும்ட்டி,
கண்காட்சியா வைக்கப் போறோம்?" என்றார்
வக்கீல் ஞானத்தாய்.
முப்பத்தொரு உருப்படி.
பட்டியல் அப்பாவின் கையெழுத்தில்,
விலை மட்டும் பென்சிலில்.

வீரவநல்லூரில் இறங்கும்போது பதினொன்றேகால்.
ஆனி வெயிலுக்கு நிலையில்லை.
பொதிகைப் பக்கமிருந்து மேகம் வருவதும் கலைவதுமாய்,
யாரோ மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டு
அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தன் இசக்கிராஜா கதவைத் திறந்துவிட்டு
உள்வாசற்படியிலேயே உட்கார்ந்தான்,
நான் எதையும் எடுத்துவிடாமல் இருக்க.
எடுக்கத்தான் வந்திருக்கிறேன்.

அடுக்களையில் டியூப்லைட்டைப் போட்டான்.
அணைக்கச் சொன்னேன்.
அந்த வெளிச்சத்தில் பித்தளைக்குச் சீக்கு வந்துவிடும்.
மேற்கு ஜன்னல் ஒன்று போதும்;
அதனடியில் பெஞ்சு, பெஞ்சின் மேல்
போன வருஷக் காலண்டரின் வெள்ளை முதுகு.

முதலில் இரும்புத் தோசைக்கல்.
கறுப்பைக் கண்டால் கேமரா பயந்துபோய்
வெளிச்சத்தை வாரி வாரிக் குடிக்கும்.
ஒரு படி குறைத்தேன்.
பீங்கான் தட்டு ஆறு, இருப்பது நாலு.
வெள்ளையைக் கண்டால் கூசிக் கண்ணைச் சுருக்கும்,
தட்டு சாம்பலாய் வந்து நிற்கும்.
ஒரு படி கூட்டினேன்.
அது சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்,
அப்படியே நம்பக் கூடாது.
ஐந்து வருஷம் இந்த வீட்டில் நான்
கேட்கவும் செய்தேன், நம்பவும் செய்தேன்.

எவர்சில்வர் குடம்தான் படுத்தியது.
எங்கே நின்றாலும் அதற்குள் நான்:
வயிறு பெருத்து, தலை சுண்டைக்காயாய்,
பின்னால் வில்லாய் வளைந்த ஜன்னல்,
ஓரத்தில் கட்டெறும்பளவு கொழுந்தன்.
கொடியில் ஒரு வேட்டி கிடந்தது.
குறுக்கே கட்டினால் குடம் வெண்மையாய் அமரும்,
ஆனால் நடுவில் லென்ஸுக்கு ஓட்டை வேண்டும்.
கத்தரிக்கோல், உருப்படி பதினேழு,
கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"மயினி, அது அண்ணன் வேட்டி."
"தெரியும்."
பட்டியலைப் பார்த்தேன். வேட்டி அதில் இல்லை.
அவன் எழுந்து வந்தான்.
"வெட்டாண்டாம், நான் விலக்கிப் பிடிக்கேன்."

அதன்பிறகு அவன் படிக்குப் போகவே இல்லை.
குத்துவிளக்கின் நிழற்பக்கம்
தெர்மாகோல் அட்டையை நிமிர்த்தினான்.
மிக்ஸி ஜாரின் தூசியைச் சட்டைநுனியால் துடைத்தான்.
மேகம் போகும்வரை இரண்டுபேரும் பேசாமல் நின்றோம்,
பஸ்ஸுக்கு நிற்பது போல.

நாலு மணிக்கு வெயில் சாய்ந்து உள்ளே வந்தது.
பத்தமடைப் பாயை விரித்தேன்.
சாய்வெயிலில் கோரை ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்தது.
ஒரு தலைப்பில் உலகம்மை என்று நெய்திருக்கும்,
மறு தலைப்பில் நயினார்.
கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால்
அவர் பேர் பீரோ நிழலில் விழுந்து காணாமல் போகிறது.
நகர்ந்தேன்.
நல்ல படம். ரொம்ப நல்ல படம்.
ஆனால் ஞானத்தாய் சொல்லியிருந்தார்:
பேரு ரெண்டும் தெரியணும், அதுதான் சாட்சி.
"அட்டையைச் சாய். இன்னும். அவர் பேர் மேல."
அண்ணன் பேருக்குத் தம்பி வெளிச்சம் காட்டினான்.
கை லேசாக ஆடியது; எழுத்துகளும் ஆடின.
"ஆட்டாதே" என்றேன்.

கடைசி, முப்பத்தொன்று: கேமரா ஒன்று, லென்ஸுடன்.
அப்பா ஜங்ஷன் கடையில் தவணையில் வாங்கியது,
இந்த வீட்டைவிட்டு என்னோடு முதலில் கிளம்பியது.
பட்டியலில் இருந்தால் படம் வேண்டும்.
மணி ஐந்தே முக்கால்.

வேட்டியை அவிழ்த்து
கொடியில் கிடந்த மாதிரியே போட்டேன்.
குடத்தின் முன் குந்தினேன்.
முப்பதில் ஒரு பங்கு நொடி;
மூச்சைப் பிடித்தேன்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
கறுப்பாய், நம்பர் தெரிய, கேமரா.
அதற்கு மட்டும் ஃபோகஸ் வைத்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது நாலு நிமிஷம் மிச்சம்.
மேகம் முழுக்க விலகி
தெரு முழுதும் மஞ்சள் வெயில்.
கேமராவை உறையில் போட்டுவிட்டேன்.